சலவை அறைக் காட்சி

பகல் முழுக்க ஊராருக்கு நிம்மதியான தூக்கத்தை விற்பதுதான் அவருக்குத் தொழில். மெத்தைக் கடையில் மூத்த விற்பனையாளர். "சும்மா படுத்துப் பாருங்க, வாங்கணும்னு இல்ல" என்று குழைந்து குழைந்து பேசி, வருகிறவர்களைச் செருப்பைக் கழற்ற வைத்து, மெத்தையில் சாய்த்து, அவர்களுடைய முதுகெலும்பைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை சொல்வார். அந்தக் குரலுக்கு மயங்கிக் கடையிலேயே குறட்டை விட்டவர்களும் உண்டு. இப்படிப்பட்ட சாது, வீட்டுக்கு வந்து கை கால் கழுவியதும் என்ன செய்வார் என்றால், முகமூடி போட்ட ஒருவன் கோடாலியோடு ஒரு பங்களாவுக்குள் புகுந்து, விடுமுறையைக் கழிக்க வந்த இளவட்டங்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுவதைப் பார்த்து ரசிப்பார். பார்த்ததையே திரும்பப் பார்ப்பார். ஸ்லாஷர் படம் என்று இந்த ரகத்துக்குப் பெயர். உலகத்தில் இந்த ரகத்தில் எத்தனை படம் வந்திருக்கிறதோ அத்தனையும் தன் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவருடைய எளிய ஆசை.

நண்பர்கள் அவருக்கு வைத்த பெயர் கோடாலி. நண்பர்கள் என்று பன்மையில் சொல்வது ஒரு மரியாதைக்கு. பக்கத்தில் இருப்பவர் ஒரே ஒருவர்தான், தெருமுனை சலூன்காரர். அவருக்கும் இதே பித்து. வாடிக்கையாளரின் தொண்டையில் சவரக் கத்தியை வைத்துக்கொண்டு, நேற்றுப் பார்த்த படத்தில் தொண்டை எப்படி அறுபட்டது என்று விவரிக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. கடையில் கூட்டம் ஏன் குறைகிறது என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. மற்றவர்கள் எல்லாம் இணையத்தில் இருக்கிற முகம் தெரியாத சொந்தங்கள்.

மகன் மேல்படிப்புக்குக் கிளம்பிய வண்டி தெரு திரும்புவதற்குள் அவனுடைய அறைக்குள் அலமாரிகள் ஏறிவிட்டன. தரையிலிருந்து கூரைவரை கேசட்டும் டிஸ்க்கும். ஒரே படம் ஐந்து பிரதிகளாக இருக்கும். ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவார். ஒன்றில் கை துண்டாவது இரண்டு விநாடி கூடுதல், ஒன்றில் அதே கை கொஞ்சம் சிவப்பாகத் தெரியும், ஒன்றில் கையே இல்லை, ஆனால் அட்டைப்படம் அபூர்வம். இது போக, பிரிக்காத பிரதிகள் என்று தனி வரிசை. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருக்கும். அதைப் பிரிக்கவே கூடாது. பிரித்துப் பார்க்கிறவனுக்கும் சேகரிப்பாளனுக்கும் உள்ள வித்தியாசமே அதுதான் என்பார். ஒருவருடைய பிரிக்காத பிரதியை இன்னொருவர் விரலால் தொடக்கூட மாட்டார்கள். மனிதர்களை அரிவதைப் பார்த்து மகிழ்கிறவர்களுக்குள் பிளாஸ்டிக் உறை விஷயத்தில் அப்படி ஒரு நாகரிகம்.

மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். நாளெல்லாம் உடைந்த எலும்பைப் பார்ப்பவருக்கு வீட்டிலும் அதே சத்தம் என்றால் எப்படி இருக்கும்? ஆரம்பத்தில் சண்டை போட்டார். பிறகு கூடத்தைத் தாண்டிப் போகும்போது தொழில்முறையில் ஒரு கருத்துச் சொல்லிவிட்டுப் போவதோடு நிறுத்திக்கொண்டார். "அந்தச் சத்தத்துக்குத் தொடை எலும்பு உடையாதுங்க. கேரட்டத்தான் உடைச்சிருக்காங்க." கோடாலிக்கு இது பெரிய அவமானம். ஏனென்றால் அது உண்மை.

இத்தனை சேகரித்தும் அவருக்கு ஒரு குறை இருந்தது. அந்தக் குறையின் பெயர் 'வெள்ளைத் துணி'. உள்ளூர்க் கம்பெனி ஒன்று எடுத்து, அந்த ஒரு படத்தோடு கடையைச் சாத்திக்கொண்டு போன சின்னப் படம். பெரிய ஓட்டல், அதன் அடித்தளத்தில் துணி துவைக்கும் கூடம், தலையில் தலையணை உறையை மாட்டிக்கொண்டு திரிகிற கொலைகாரன். படத்தின் நடுவில், சலவைக்காரப் பெண் கடைசிக் கூடையை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போவாள். கதவு சாத்திக்கொள்ளும். அடுத்த நொடி பளீரென்று விடிந்திருக்கும். போலீஸ்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருப்பார். நடுவில் என்ன நடந்தது? மீசை அரும்பும் வயதில் தியேட்டரில் உட்கார்ந்து இதைப் பார்த்தவருக்கு அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இது. நடுவில் இரண்டு நிமிடத்தைத் தணிக்கையில் வெட்டிவிட்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டார். கிடைக்கிற பிரதிகள் எல்லாம் வெட்டுப்பட்ட படத்திலிருந்து எடுத்தவை. அந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்தவர் எவரும் இல்லை, ஒரே ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் கோடாலியின் மாமனார்.

விதி இப்படியெல்லாம் யோசித்துச் செய்யும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. காதலித்த பெண் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் அப்பாவை அறிமுகம் செய்தபோது, பெரியவர் தாம் தணிக்கை அலுவலகத்தில் அதிகாரி என்றார். சும்மா ஒரு மரியாதைக்கு என்னென்ன படம் பார்த்திருக்கிறீர்கள் என்று இவர் கேட்டு வைக்க, பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "வெள்ளைத் துணின்னு ஒரு கண்றாவி வந்துது. நான்தான் வெட்டினேன். மத்தவங்க கையை நம்பாம நானே எடிட்டிங் மேஜைல உட்கார்ந்து வெட்டினேன்" என்றார். இவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியே எழுந்து போய்விடுவார் என்றுதான் அந்தப் பெண் பயந்தாள். போகவில்லை. கோடாலி பெண்ணைக் கட்டிக்கொள்ளவில்லை, சாட்சியைக் கட்டிக்கொண்டார் என்று சலூன்காரர் இன்றைக்கும் சொல்வார்.

சாட்சி வாயைத் திறந்தால்தானே! கல்யாணமான நாளிலிருந்து இருபது வருடத்துக்கு மேல் மருமகன் கெஞ்சிப் பார்த்தார், வாயைப் பிடுங்கிப் பார்த்தார், ஒருமுறை சண்டையும் போட்டுப் பார்த்தார். கல்லுளிமங்கன் மசியவில்லை. ஜனங்கள் பார்க்கக் கூடாது என்று வெட்டியதை வாயால் சொன்னால் வெட்டியதற்கு என்ன அர்த்தம் என்பார். மாப்பிள்ளை என்று வாய் நிறையக் கூப்பிடுவார், ஆனால் மாப்பிள்ளை செய்த எதையும் ஒரு தடவைகூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. வீடு கட்டியபோது ஜன்னல் சின்னது என்றார். பேரன் பிறந்தபோது மூக்கு யாரைப்போல என்று கவலைப்பட்டார். மெத்தை ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தபோது மட்டும் "பரவாயில்ல" என்றார். அதுவும் மெத்தையைப் பார்த்துத்தான் சொன்னார்.

போன வருடம் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். எக்ஸ்ரேவை எடுத்தது சொந்த மகள். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்பா இனிமேல் தனியாக இருக்க முடியாது, நம்ம வீட்டுக்குத்தான் வருகிறார், மகன் அறையில்தான் படுக்கப் போகிறார் என்று ஒரே மூச்சில் தீர்ப்பைச் சொன்னார். கோடாலி கையைப் பிசைந்தார். அலமாரிகளை நகர்த்த வேறு இடம் இல்லை என்றார். நகர்த்த வேண்டாம், நடுவில் கட்டில் போடலாம் என்றார் மனைவி.

அப்படியாக, வாழ்நாள் முழுக்க ரத்தத்தைத் துடைத்த மனிதர், ஆயிரத்துச் சொச்சம் கொலைகளுக்கு நடுவே கட்டில் போட்டுப் படுத்தார். தலைமாட்டு அட்டைகளில் ரம்பம், கால்மாட்டு அட்டைகளில் கோடாலி, எதிர்ச் சுவர்ப் போஸ்டரில் கண் இல்லாத ஒரு முகம். முகத்தின் மேல் மகள் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டார். முதல் வாரம் பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சுவர்ப்பக்கமும் அலமாரிதான். வேறு வழியில்லாமல் அட்டைகளைப் படிக்க ஆரம்பித்தார். படித்ததும் பழைய உத்தியோகம் தலைதூக்கியது. இதை வெட்டியவன் அரைகுறை, இதில் நான் இருந்தால் தலைப்பையே விட்டிருக்க மாட்டேன் என்று படுத்த படுக்கையிலிருந்தே அலுவலகம் நடத்தினார்.

மாலையில் டீ கொண்டுபோய்க் கொடுப்பது மருமகனின் வேலை. கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து விவாதிப்பதும் வழக்கமாயிற்று. ஒருவர் வெட்டக் கூடாது என்பார், மற்றவர் வெட்டத் தெரியாதவன்தான் வெட்டக் கூடாது என்பார். ஆனால் ஒரு படத்தைப் பற்றி இவ்வளவு நேரம் இவ்வளவு ஆவேசமாகப் பேச இருவருக்குமே வேறு ஆள் இல்லை. வெட்டு எங்கே விழ வேண்டும் என்று பெரியவர் சொல்லும்போது கோடாலி தன்னை மறந்து கேட்பார்.

"பாதி நடையில வெட்டினா ஆள் தாவுறது தெரியும், மாப்பிள்ளை. ஒரு சத்தத்துல வெட்டணும், இல்ல வெளிச்சம் மாறுற இடத்துல வெட்டணும். பாக்குறவன் கண்ணு அந்த நேரம் தானா சிமிட்டும். அவன் சிமிட்டுறதுக்குள்ள நாம வேலைய முடிச்சிரணும். வெள்ளைத் துணியில நான் கதவு சாத்துற சத்தத்துல வெட்டினேன். தெரிஞ்சுதா உங்களுக்கு?"

தெரியவில்லைதான். அதைத்தானே நாற்பது வருடமாகச் சபித்துக்கொண்டிருக்கிறார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், எந்தக் கெஞ்சலும் இல்லாமலே, பெரியவர் சொல்லத் தொடங்கிவிட்டார். டீ ஆறி ஆடை கட்டும்வரை சொன்னார். அறை முழுக்க நீராவியாம். கொடிகளில் வெள்ளை விரிப்புகள் வரிசையாகத் தொங்குமாம். அந்தப் பெண் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போவாளாம். கத்தியைக் காட்டவே மாட்டார்களாம். ஒரு விரிப்பு மெல்லச் சிவக்கும், பிறகு அடுத்தது, பிறகு அதற்கு அடுத்தது. எண்ணுகிற குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்து, ஓர் எண்ணில் நிற்கும். கடைசியில் சலவை இயந்திரத்தின் வட்டக் கண்ணாடி. உள்ளேயிருந்து ஒரு கை வந்து அதில் படியும். ஐந்து விரலும் விரிந்து, பிறகு ஒவ்வொன்றாக மடங்கும்.

"வீட்டுக்கு வந்தேன். என் பொண்ணு அப்ப கைக்குழந்தை. தொட்டில்ல தூங்குது. கை இப்படி விரிஞ்சு கெடக்கு. அந்தக் கையையே பாத்துட்டு நின்னேன், மாப்பிள்ளை. மறுநாள் போய் வெட்டிட்டேன். எந்த அப்பனும் அதைப் பாத்துட்டு வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு வெட்டினேன்."

கோடாலிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதற்காகத்தானே பிறந்தோம் என்று இருந்தது. அந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் பெரியவரின் தோளைத் தொட்டிருப்பான். இவர் நேராகக் கணினியைத் திறந்து, ஒன்று விடாமல் தட்டச்சுச் செய்து, உலகெங்கும் உள்ள சொந்தங்களுக்கு அனுப்பினார்.

அதன்பிறகு நடந்தது திருவிளையாடல். வெள்ளைத் துணியின் வெட்டுப்பட்ட காட்சியை ஒருவர் கண்ணால் பார்த்திருக்கிறார், உயிரோடு இருக்கிறார், அதுவும் கோடாலியின் வீட்டிலேயே இருக்கிறார்! எங்கேயோ ஒருவன் கண்ணாடியில் பதிந்த ஐந்து விரலைப் படமாக வரைந்தான். இன்னொருவன் அதைப் பனியனில் அச்சடித்து, தொப்பை தெறிக்கப் போட்டுக்கொண்டு போட்டோ அனுப்பினான். பெரியவரின் குரலைப் பதிவு செய்து அனுப்பும்படி கடிதத்துக்கு மேல் கடிதம். சலூன்காரர் சீப்பும் கத்திரியுமாக வந்து, மாமாவுக்கு வாரம் ஒருமுறை வீட்டிலேயே முகச்சவரம், காணிக்கை என்றார். இவ்வளவு காலமாகப் பக்கத்து வீட்டுக்காரன்கூடச் சீண்டாத ஒரு ஓய்வு பெற்ற அதிகாரி, இஸ்திரி போட்ட சட்டையில் கட்டிலில் சாய்ந்து பேட்டி கொடுத்தார். எந்த ரசிகர்களைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர் வெட்டினாரோ அவர்களே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். பெரியவருக்கும் அது பிடித்திருந்தது. பிடிவாதமாக முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார், ஆனால் கைத்தடியை ஊன்றி நடக்க ஆரம்பித்ததே அந்த உற்சாகத்தில்தான்.

மகள் மட்டும் மசியவில்லை. அவருக்கு அப்பாவிடம் ஒரு பழைய கணக்கு இருந்தது. சின்ன வயதில் டிவியில் யாராவது யாரையாவது கட்டிப்பிடித்தால் அப்பாவின் உள்ளங்கை வந்து கண்ணை மூடும். பள்ளிக்கூடத்தில் அவரைக் கத்திரிக்கோல் மகள் என்றே கூப்பிட்டார்கள். வாலிபத்தில் ஒருநாள் கோபத்தில், ஒன்றுமில்லாததை வெட்டி வெட்டியே உங்கள் ஆயுள் போய்விட்டது என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவர் மறக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் வந்தது அந்தச் செய்தி. படம் வெளியான காலத்தில் அயல்நாட்டு விழா ஒன்றுக்கு அனுப்பி, திருப்பி வாங்க ஆள் இல்லாமல் ஒரு கிடங்கில் கிடந்த பெட்டியில், வெள்ளைத் துணியின் வெட்டுப்படாத பிரதி இருந்தது. அங்குள்ள சொந்தம் ஒருவர் கண்டெடுத்து, தான்கூட ஓட்டிப் பார்க்காமல், அந்த மரியாதை கோடாலிக்கும் மாமாவுக்கும்தான் உரியது என்று ஒரே ஒரு டிஸ்க்கில் இறக்கி அனுப்பிவிட்டார். படச்சுருள் இறக்கியதோடு பொடிந்துபோனதாம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கூடத்தில் காட்சி என்று முடிவாயிற்று. சலூன்காரர் கடைக்கு விடுமுறை விட்டார். யாரும் கவனிக்கவில்லை.

பெரியவர் மருமகனைத் தனியாகக் கூப்பிட்டார். "என் பொண்ணும் உக்காரட்டும். நான் ஒண்ணுமில்லாததை வெட்டிட்டு இருந்தேன்னு நெனச்சுட்டு இருக்கா. ஒரு தடவை பாக்கட்டும். அப்புறம் எனக்கு ஒண்ணும் வேண்டாம், மாப்பிள்ளை."

வெள்ளிக்கிழமை கோடாலிக்கு விடுமுறை. மனைவி அப்பாவை இடுப்பைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார். வீட்டில் யாரும் இல்லை. மற்றவர்களுக்கு முந்தித் தான் மட்டும் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தார். சேகரிப்பாளனின் சத்தியம் எவ்வளவு நேரம் தாங்கும்? ஜன்னல் திரையை இழுத்துவிட்டு டிஸ்க்கைப் போட்டார். சலவைக்காரப் பெண் கூடையோடு வந்தாள். கதவு சாத்திக்கொண்டது. நாற்பது வருடமாகச் சாத்தியே கிடந்த கதவுக்கு அந்தப்பக்கம் அவர் போனார்.

ஆரம்பம் பெரியவர் சொன்னபடியே இருந்தது. நீராவி, வெள்ளை விரிப்புகள், எண்ணுகிற குரல். பிறகு உத்தரத்தில் தொங்கிய பல்பு மினுக்கி அணைந்தது. மீண்டும் எரிந்தபோது தலையணை உறைக்காரன் வந்தான். உறை கோணலாகிவிட்டதால் அவனுக்கு ஓட்டை எது, கண் எது என்று தெரியவில்லை. துணிக்கொடியில் முட்டிக்கொண்டான். சட்டைக்கைக்கு வெளியே கைக்கடிகாரம் பளபளத்தது. ஒரே ஒரு விரிப்பின் மேல் யாரோ ஓரத்தில் நின்று வாளியோடு சிவப்புச் சாயத்தை வீசினார்கள். வாளியும் தெரிந்தது. அந்தப் பெண் செத்து விழுந்து, ஒருமுறை கண் சிமிட்டி, சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடியில் வந்த கை, பஞ்சு அடைத்த ரப்பர் கையுறை. விரல் மடங்கவில்லை. கட்டைவிரல் மட்டும் ஒடுங்கி உள்ளே போயிருந்தது. சலவை இயந்திரத்தின் மின்கம்பி சொருகாமல் தரையில் கிடந்தது.

கோடாலி வாய்விட்டுச் சிரித்தார். இருபது வருடத்துப் பகை அல்லவா? இதற்கா ஐயா இந்தப் பாடு படுத்தினீர்கள்? ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் இதை ஓட்டி, விளக்கைப் போட்டு, மாமா, இதுதானா அது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். சின்ன ஜன்னலுக்கும் பேரன் மூக்குக்கும் சேர்த்து வட்டியோடு தீர்ந்துபோகும். இன்னொரு முறை ஓட்டினார். இரண்டாம் முறை சிரிப்பு பாதியில் நின்றது. பெரியவர் பொய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் பார்த்தது இந்த ரப்பர் கையைத்தான். வீட்டுக்கு வந்து பார்த்தது குழந்தையின் கையை. இரண்டும் எப்போதோ ஒன்றாகிவிட்டன. ஆயுள் முழுக்க அந்த விரல்களைச் சுமந்தவர், மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இந்த வாளியைப் பார்க்கப் போகிறார். மகள் எதுவும் சொல்ல மாட்டார். அவருக்குச் சிரிப்பு வந்துவிடும், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகு கிழவர் கட்டிலை விட்டு எழுந்திருப்பாரா என்று கோடாலிக்குப் பயமாக இருந்தது. தனக்கு அவர்மேல் இவ்வளவு பிரியம் எப்போது வந்தது என்றும் எரிச்சலாக இருந்தது.

தணிக்கை செய்கிறவன் மனுஷனே இல்லை என்று கடை வாசலிலும் கல்யாண வீட்டிலும் கரடியாகக் கத்தியவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக் கணினியின் முன் உட்கார்ந்தார். மாமனார் வெட்டிய இடத்திலேயே வெட்ட முடியாது. தம் பழைய வெட்டு கிழவருக்கே தெரியாமலா போகும்? பல்பு மினுக்குகிற இடத்தை நூறு தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். விளக்கு அணைகிற நொடியில் கத்தரித்து, போலீஸ்காரர் டீ குடிக்கிற விடியலோடு ஒட்டினார். நீராவியின் இரைச்சலைக் கொஞ்சம் நீட்டி, அது டீக் கெட்டிலின் இரைச்சலில் போய்க் கலக்கும்படி செய்தார். வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டபோது புதிய டிஸ்க் தயாராக இருந்தது. உலகத்திலேயே ஒன்றுதான் என்று இருந்த முழுப் படத்தை வெட்டிய புண்ணியம் அவருக்கு.

அசல் டிஸ்க்கை உடைக்கத்தான் எடுத்தார். கை வரவில்லை. யாரும் சீண்டாத ஒரு மட்டமான படத்தின் அட்டைப் பெட்டிக்குள் அதை வைத்து, பிளாஸ்டிக் உறை சுற்றி, மனைவியின் தலைமுடி காய வைக்கும் இயந்திரத்தால் சூடு காட்டிச் சுருக்கி, பிரிக்காத பிரதிகளின் வரிசையில் சொருகினார். இரும்புப் பெட்டியைக்கூட உடைப்பார்கள், அதை யாரும் பிரிக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பெரியவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்தின் நடுநாயகமாக உட்கார்ந்தார். பக்கத்தில் மகள், கையில் பிஸ்கட் தட்டோடு, எவ்வளவு நேரம் என்று கேட்டபடி. சலூன்காரர் தரையில். கோடாலி ரிமோட்டோடு எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டார், முகம் தெரியக் கூடாதே என்று.

கதவு சாத்திக்கொண்டது. படம் நிற்காமல் உள்ளே போனது. நீராவிக்குள் வெள்ளை விரிப்புகள் வரிசையாகத் தெரிந்ததும் சலூன்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர் மகளின் கையைப் பற்றினார். "பாரு, எண்ணுறா பாரு" என்றார் மெதுவாக. எண்ணுகிற குரல் விரிப்புகளுக்கு நடுவே நகர்ந்தது. மகள் பிஸ்கட் தட்டைக் கீழே வைத்தார். எக்ஸ்ரே அறையில் எதற்கும் அசையாத அவர், அப்பாவின் கைக்குள் இருந்த தன் விரல்களை மடக்கிக்கொண்டதைப் பின்னால் நின்றவர் பார்த்தார். பல்பு மினுக்கியது, அணைந்தது. விடிந்துவிட்டது. போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சலூன்காரர்தான் முதலில் எழுந்தார். அழுகிற நிலையில் இருந்தார். முழுப் பிரதி என்று சொன்னீர்களே, அதை நம்பிக் கடையை அடைத்துவிட்டு வந்தேனே, இனி அந்தச் சொந்தங்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று பொரிந்து தள்ளினார். கோடாலி தலையைக் குனிந்துகொண்டு, அந்த நாட்டிலும் வெட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது, தான்தான் ஏமாந்துவிட்டதாகச் சொன்னார். சேகரிப்பாளர் உலகத்தில் இதைவிடப் பெரிய மானக்கேடு கிடையாது. நாளைக்குப் பனியன்காரன் முதற்கொண்டு துப்புவார்கள்.

"அப்பா, அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று மகள் கேட்டார்.

"வேண்டாம்மா" என்றார் பெரியவர். "நீ பாக்காததே நல்லது. அங்கயும் யாரோ ஒரு பொறுப்பான ஆள் இருந்திருக்கான்."

மகள் அப்பாவின் கையை விடவில்லை. அவ்வளவு நேரம் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து கோடாலி பார்த்ததில்லை.

பெரியவர் அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓட்டச் சொன்னார். கோடாலி ஓட்டினார். இன்னொரு முறை ஓட்டச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். மேஜையில் உட்கார்ந்த காலத்து முகம் அவருக்கு வந்திருந்தது. விரிப்புகள், குரல், பல்பு, டீ.

"கதவுல வெட்டினதுதான் பெரிய வேலைன்னு நெனச்சிருந்தேன்" என்றார் கடைசியில். "பல்புல வெட்டலாம்னு எனக்குத் தோணவே இல்ல. சத்தத்தையும் கொண்டுபோய் எவ்வளவு அழகா ஒட்டியிருக்கான் பாருங்க. ஒட்டின இடமே தெரியல. எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு கை இருந்ததில்ல, மாப்பிள்ளை. யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்."

கோடாலி "ஆமா மாமா" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் திரையை விலக்கப் போனார்.